பத்தாண்டு வாக்குறுதி

குழந்தைகளே நாட்டின் செல்வம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நன்று! அந்தச் செல்வத்துக்குச் சட்டம் இட்ட காவல் எத்தகையது என்று நாம் ஆராய வேண்டாமா?

நம் ரெட்டியார்பாளையம் அடங்கிய புதுவை மண், இரு அரசியல் சட்டங்களைக் கண்ட மண். 1946-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் முகவுரை, குழந்தைக்கு உடல்நலமும் ஓய்வும் உறுதி கூறிற்று. சமயச் சார்பற்ற இலவசப் பொதுக்கல்வி அரசின் கடமை என்றது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறிற்று.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் சொன்னது என்ன? பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்தலாகாது என்றது 24-ஆம் பிரிவு. இது அடிப்படை உரிமை. பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்றது 45-ஆம் பிரிவு. இதுவோ வெறும் வழிகாட்டும் நெறி! மீறினால் நீதிமன்றம் ஏற முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

உதவவில்லை. 1953-இல் சென்னை மாநிலத்தில் ஆச்சாரியார் குலக்கல்வித் திட்டம் கொணர்ந்தார். பாதி நாள் பள்ளி. மீதி நாள் அப்பன் தொழில்! பெரியாரும் கழகத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அன்று பிள்ளைகளைக் காத்தது நீதிமன்றமன்று, மக்கள் மன்றம்!

பத்தாண்டுக் கெடு 1960-இல் முடிந்தது, வாக்கு நிறைவேறவில்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002-இல் 86-ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு அவ்வுரிமையை எழுதிவைத்தது. அதற்கான சட்டம் செயலுக்கு வந்ததோ 2010 ஏப்ரல் 1-இல். பத்தாண்டு வாக்குக்கு அறுபதாண்டு!

கதை முடிந்ததா? 2016-இல் குழந்தைத் தொழில் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்கு எல்லா வேலையும் தடை என்றது. நல்லதே. ஆனால், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, பிள்ளை கைகொடுக்கலாம் என்று விலக்கும் அளித்தது. யார் வீட்டுப் பிள்ளை கைகொடுக்கும்? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையா? தறிக்காரர், குயவர் வீட்டுப் பிள்ளையன்றோ! குலக்கல்வி பாதி நாளைக் கேட்டது; இவ்விலக்கு மாலைப்பொழுதைக் கேட்கிறது.

முன்வாசலை அடைத்துப் புழக்கடையைத் திறந்து வைப்பது காவலாகாது. அந்த விலக்கு நீங்கவேண்டும். அதற்கும் மக்கள் மன்றமே எழவேண்டும்!