சி.டி. ஸ்கேன்: உடலின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் காணுதல்

பண்டைய கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர் பெற்றது. ஒரு முத்து இயற்கையாக விளைந்ததா, வளர்க்கப்பட்டதா என்பதை இன்று அதனை அறுக்காமலேயே, எக்ஸ்ரே கதிர்களால் முப்பரிமாணப் படமெடுத்து ஆராய்கின்றனர். இதே அடிப்படையில் மனித உடலைப் படமெடுப்பதே சி.டி. ஸ்கேன் ஆகும்.

எவ்வாறு செயல்படுகிறது?

சாதாரண எக்ஸ்ரே படத்தில் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சி.டி. கருவியில் எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களிலிருந்து பதிவு செய்கிறது. கணினி அப்பதிவுகளைக் குறுக்குவெட்டுப் படங்களாக்கி, அவற்றை அடுக்கி முப்பரிமாண உருவத்தைத் தருகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு இவ்வாறு படமெடுக்கப்பட்டது.

உடனடியாகத் தேவைப்படுவது எப்போது?

திடீரென முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது, ஸ்கேன் காட்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். கசிவு இருப்பின் அதே மருந்து ஆபத்தானது. எனவே காலந்தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். கொற்கை, ஏரல் பகுதியினருக்குத் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

• கர்ப்பமாக இருத்தல் அல்லது அதற்கான வாய்ப்பு
• சிறுநீரக நோய்; சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்ளுதல்
• ஆஸ்துமா, முன்பு ஸ்கேன் ஊசி மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை

எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

கதிர்வீச்சு குறித்த அச்சம்

தலைக்கான ஒரு ஸ்கேனின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். இது ஏறத்தாழ ஓராண்டில் நாம் இயற்கையாகப் பெறும் அளவே. தேவையான ஸ்கேனை அச்சத்தால் தவிர்ப்பதே பெரிய தீங்கு. பழைய படங்களையும் அறிக்கைகளையும் பாதுகாத்து எடுத்துச் சென்றால், தேவையற்ற மறு ஸ்கேனைத் தவிர்க்கலாம்.

ஸ்கேன் சொல்லாதது

கட்டி எங்குள்ளது, எவ்வளவு பெரியது என்பதை ஸ்கேன் காட்டும். அது புற்றுநோயா என்பதை உறுதிசெய்யப் பெரும்பாலும் திசு ஆய்வு தேவை. அதற்கெனச் சிறு திசுத்துண்டை எடுத்து, மிக மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பர். சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' எனும் கருமூளை முப்பரிமாணத் தொகுப்பும் இத்தகைய 5,132 சீவல்களின் படங்களால் ஆனதே. ஸ்கேன் எடுத்த பின்னும் மருத்துவர் திசு ஆய்வைப் பரிந்துரைத்தால், முதல் சோதனை தவறிவிட்டதென எண்ண வேண்டாம். ஒன்றின் விடையை மற்றொன்று நிறைவு செய்கிறது.