மலையோரம் வந்த ரோமானியப் பொன்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை போகும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறம் வைத்துக்கொண்டே செல்கிறது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மேலைக் கடற்கரை. கி.பி. முதல் நூற்றாண்டில் அங்கிருந்த நெல்கிண்டா துறைமுகம் பாண்டியர் வசம் இருந்ததாக, 'எரித்ரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல் குறிப்பிடுகிறது. மிளகு வாங்க வந்த கலங்கள் பொன்னும் வெள்ளியும் இறக்கிப் போயின. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே நத்தம்பட்டியில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகள் அந்த வணிகத்தின் எச்சம்.

தமிழகப் புதையல்களில் அதிகம் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே. அகஸ்டஸ் காசைப் பாருங்கள். முன்புறம் இலைமாலை சூடிய பேரரசர் தலை. பின்புறம் அவர் மகன்களாகத் தத்தெடுத்த பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரும் நிற்க, நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். 'எனக்குப் பின் இவர்கள்' என்று ரோமுக்குச் சொன்ன அறிவிப்பு அது. லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் 4-லும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் உருவம் பொறித்த காசுகள் கடல் கடந்து வந்துகொண்டே இருந்தன. டைபீரியஸ் காசின் பின்புறத்தில் ஒரு பெண் கையில் கிளையோடு அமர்ந்திருக்கிறாள்.

இந்த வாரிசு அரசியலால் நம் வணிகனுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவன் பார்த்தது எடையும் மாற்றும். கி.பி. 64-இல் நீரோ தங்கக் காசின் எடையை ஏறத்தாழ 7.8 கிராமிலிருந்து 7.3 கிராமாகக் குறைத்தான். வெள்ளிக் காசில் எடையோடு தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் தமிழகப் புதையல்களில் மிக அரிது. பழைய உருவம் தெரிந்தால் பழைய தரம் என்று கொண்டார்கள்.

புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. வேறு இடங்களில் துளையிட்டுக் கழுத்தில் கோத்த காசுகளும் உண்டு. ரோமில் ஆட்சியின் முகமாக இருந்த உருவம், தமிழ்நாட்டில் தங்கத்தின் தரத்துக்குச் சாட்சியானது. அந்நியப் பொன்னை நம் முன்னோர் தங்கள் கணக்கிலேயே எடை போட்டு வாங்கினார்கள் என்பதே இந்தக் காசுகள் சொல்லும் வரலாறு.

பாண்டியர்கள் தாங்களே வெளியிட்ட, பெருவழுதி பெயர் பொறித்த காசுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)