தங்கவயலில் மூன்று நடைகள்

பழங்கோயில்களையும் கோட்டைகளையும் காண்பதற்காகக் கால்நடையாகச் செல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. கைவிடப்பட்ட தொழிற்களங்களை அவ்வாறு நடந்து காணும் வழக்கமோ இன்னும் வேரூன்றவில்லை. கல்வெட்டு இருந்தால்தான் வரலாறு என்றும், சிற்பம் இருந்தால்தான் கலை என்றும் நாம் பழகிவிட்டோம். துருப்பிடித்த இரும்புக் கோபுரமும், ஓடு சரிந்த தொழிலாளர் குடியிருப்பும், புல் முளைத்த மண்மேடும் நம் கண்ணில் பட்டாலும் கருத்தில் படுவதில்லை. இக்குறையை ஒருவாறு நீக்கிக்கொள்ள விரும்புவோர்க்குக் கோலார் தங்கவயல் மிகவும் ஏற்ற இடமாகும்.

கருநாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தங்கவயல். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலமாதலால், மழைக்காலம் கழிந்த திங்கள்களில் காலை நடைக்கு இதமான குளிர்ச்சி இருக்கும். செங்குத்தான ஏற்றங்கள் இல்லை. முதியோரும் சிறுவரும் ஒன்றாக நடக்கலாம். இங்கே பார்க்கத்தக்கவற்றை மூன்று எளிய நடைகளாக வகுத்துக்கொள்வது நலம்.

முதல் நடை, ஊரிகத்திலிருந்து சாம்பியன் ரீஃப் வழியாக மாரிக்குப்பம் வரை செல்வது. பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து வரும் இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. சுரங்கங்களுக்கென்றே 1894இல் அமைந்த பாதை அது. அதன் நிலையங்களின் பெயர்களே பழைய சுரங்கங்களை நினைவூட்டுகின்றன. பூமிக்கடியில் பொன் தாங்கிய பாறைப்படிவு தெற்கு வடக்காக ஓடுகிறது. அதன் மேலேதான் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன. ஆதலால் இந்த ஊர்களின் சாலையில் தெற்கு நோக்கி நடப்பவர், தம்மையறியாமலே அந்தப் படிவின் போக்கைப் பின்தொடர்கிறார்.

இங்கே பொன் இருந்தது என்பது ஆங்கிலேயர் புதிதாகக் கண்டறிந்த செய்தியன்று. 1802இல் மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, இவ்வூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று நேரில் கண்டார். பழங்காலத்தார் தோண்டிய குழிகளும் பல இருந்தன. 1870களில் அயர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் லாவெல் என்னும் முன்னாள் போர்வீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். பொருள் வசதி போதாமையால் அவ்வுரிமை கைமாறியது. 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் பொறுப்பேற்ற பின்னரே தொழில் நிலைபெற்றது. பழையவர் விட்ட குழிகளின் அடியில் ஆழத் தோண்டியபோது வளமான படிவு அகப்பட்டது.

வழியெங்கும் சுரங்க வாயில்களின் மேல் இரும்புச் சட்டக் கோபுரங்கள் நிற்கக் காணலாம். அவற்றின் உச்சியிலுள்ள சக்கரங்களில் எஃகு வடம் ஓடி, ஆட்கள் நிற்கும் கூண்டை இறக்கியும் ஏற்றியும் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் இங்குக் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் ஒன்று அது. பெங்களூர் நகரம் மின்விளக்குப் பெற்றது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905இல்தான்.

இந்நடையில் ஒரு கணக்கை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் இறங்கியது. தரைமேல் அத்தொலைவு முக்கால் மணி நேர நடை, பேசிக்கொண்டே கடந்துவிடலாம். அதே தொலைவைக் கீழ்நோக்கிச் சென்றவர்க்கோ, பாறையின் வெப்பம் 60 பாகையையும் கடந்தது. அழுத்தம் தாளாது பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகள் அடிக்கடி நேர்ந்தன. கல்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோய் வந்தது. 120 ஆண்டுகளில் இவ்வயலிலிருந்து 800 டன்னுக்கு மேல் பொன் எடுக்கப்பட்டது என்பர். அந்த எண்ணை அறிந்தவர் பலர். அந்த முக்கால் மணி நேரத் தொலைவை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இரண்டாம் நடை மண்மேடுகளைச் சுற்றியது. தாதுப்பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவே இம்மேடுகளாகக் குவிந்தது. மழைநீர் அரித்து வரிவரியாகப் பள்ளம் விழுந்த இவற்றை ஊரார் சயனைடு மலைகள் என்கின்றனர். இவ்வாறு 13 மேடுகள் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் கிடக்கின்றன. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண் அது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் பாலைநிலக் குன்றுபோல் அழகாகத் தோன்றும். கோடைக்காற்று வீசும்போது அதன் தூசு குடியிருப்புகளில் படிவதை அறிந்தவர் அழகென்று மட்டும் சொல்லார். ஆதலால் காற்று மிகுந்த நாளில் அங்குச் செல்லாதிருப்பதும், மேட்டின்மேல் ஏறாதிருப்பதும், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளை நெருங்காதிருப்பதும் நன்று.

இம்மேடுகளும் நிலையானவை என்று சொல்வதற்கில்லை. கழிவில் எஞ்சிய சிறிதளவு பொன்னையும் எடுக்கும் திட்டத்திற்கு 2024இல் கருநாடக அமைச்சரவை இசைவு அளித்தது. ஊர்மக்களுக்கு வேலை கிடைக்குமாயின் அதனைக் குறைகூற நாம் யார்? ஆயினும் மலையைப் பார்த்து வழிகாணும் ஊரில் மலையே பெயரும் நாள் வருமுன் அதன் கதையை எழுதி வைத்தல் வேண்டும்.

மேடுகளின் அடிவாரத்தில், தாழ்ந்த வரிசைவீடுகள் உள்ளன. இவற்றை 'லைன்' என்றே வழங்குவர். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளாக இருந்தவை இவை. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் இங்கே குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டவர்க்குப் பூமியின் அடியில் வேலை கிடைத்தது. சுரங்க முதலாளிகளின் மாளிகைகளையும் மன்றங்களையும் கண்டு இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்று புகழ்ந்து எழுதினோர் உளர். அப்புகழ்ச்சியில் லைன்களுக்கு இடமில்லை.

ஆயின், தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் கட்டாயம் வந்து பார்க்க வேண்டியவை அந்த லைன்களே. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கே ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. 1914இல் அவர் மறைந்த பின்னரும், சாம்பியன் ரீஃபைச் சேர்ந்த சித்தார்த்தா புத்தகசாலையார் அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தனர். 1926 முதல் 'தமிழன்' இதழே தங்கவயலிலிருந்து அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. பகலில் வெளிச்சம் காணாத உழைப்பாளர் கூட்டத்தினிடையே ஓர் அச்சகமும் இதழும் நிலைத்தன என்பது வியப்பன்று. எழுத்து அவர்கட்கு எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதற்குச் சான்று அது.

அவர்கள் வாசித்ததோடு அமையவில்லை. தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை எதிர்த்து 1930இல் சுரங்கம் முழுதும் வேலைநிறுத்தம் நடந்தது. தம்மைக் குற்றவாளிபோல் நடத்துவதை ஏற்கோம் என்பதே அதன் கருத்து. 1946ஆம் ஆண்டுப் போராட்டக் காலத்தில் காவலர் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்ட வரலாறு இது.

அறிவியலுக்கும் இவ்வாழம் உதவியது. பூமிக்கடியில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் 1965இல் பதிவு செய்தனர். அவ்விடம் வரை பாதை வெட்டியவர்கள் லைன்களில் வாழ்ந்தவர்களே.

மூன்றாம் நடைக்குச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். பேருந்தில் பேத்தமங்கலம் சென்று இறங்கினால், பாலாற்றைத் தேக்கிய பெரிய ஏரியின் கரையில் நடக்கலாம். சுரங்கங்களுக்கும் ஊருக்கும் குடிநீர் இங்கிருந்தே சென்றது. நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, இவ்வழியே சென்று ஆந்திர எல்லையைக் கடந்து வாணியம்பாடி, வேலூர்ப் பக்கமாகக் கீழிறங்குகிறது. வடஆர்க்காட்டு மக்கள் எந்த ஆற்றின் கரையை விட்டுப் பிழைக்க வந்தனரோ, அதே ஆற்றின் மேற்கரையில் வந்து தண்ணீர் குடித்தனர். வரப்புகளும் கேழ்வரகு வயல்களும் சூழ்ந்த இக்கரையில் நிற்கும்போது, பிழைக்க வந்தோர் வேற்று நாட்டிற்கு வரவில்லை, தம் ஆற்றின் மேல்புறத்திற்கே வந்தனர் என்று எண்ணத் தோன்றுகிறது.

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு ஏற்றது. 1962இல் நடுவணரசு பெற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தாதுவில் பொன் அருகி, ஆழமும் செலவும் பெருகவே, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகளில், அவ்வுழைப்பாளரின் பிள்ளைகளும் பெயரர்களும் வேலை தேடியும் வேலைக்காகவும் பெங்களூர் செல்கின்றனர்.

இரும்புக் கோபுரங்களைக் காக்க வேண்டும் என்று சொல்ல இன்று பலர் உளர், அது நன்றே. ஆயினும் கோபுரம் உயர்ந்து நிற்பதால் தானாகவே கண்ணில் படும். லைன் வீடு தாழ்ந்தது, இதழ்த்தாள் மட்கக்கூடியது, முதியவரின் நினைவோ அதனினும் விரைவில் மறையக்கூடியது. காக்கும் பணி இவற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இளைஞரை இங்கு அழைத்து வந்து, முதியோர் சொல்வதைப் பதிவு செய்து, வீடுகளில் எஞ்சியுள்ள பழைய இதழ்களையும் நூல்களையும் படியெடுத்து வைக்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு காலைப்பொழுதும், நடக்கும் விருப்பமும், கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும்.