கப்பலடியில் பிறந்த மூன்றெழுத்து

சென்னைக் கோட்டையிலும் கல்கத்தாவிலும் சம்பாதித்து முடித்த வெள்ளைக்காரத் துரைமார், 18-ஆம் நூற்றாண்டில் ஊர் திரும்பும்போது ஓர் ஆயாவையும் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் நீண்ட கடற்பயணம். தலைசுற்றிப் படுத்துவிட்ட துரைசானி, விடாமல் அழும் குழந்தை, இரண்டு பேரையும் சமாளித்துக் கரைசேர்த்தவள் அந்த ஆயாதான். லண்டனில் இறங்கியதும் சில குடும்பங்கள் அவளை அப்படியே தெருவில் விட்டுவிட்டன. திரும்பிவரக் கப்பற்கூலி யார் கொடுப்பது? வழக்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசலுக்கு வந்தது. செலவு தன் தலையில் விழுமோ என்று கம்பெனி பயந்தது. வேலைக்காரரை இங்கிலாந்துக்கு அழைத்துப்போகும் எசமானர் ஒரு தொகையைப் பிணையாகக் கட்டவேண்டும் என்று விதித்தது. இப்படி, வீட்டுவேலைக்குக் கடல் கடந்தவருக்கு ஒரு காகிதம் பிறந்தது. அதைவிடப் பெரிய காகிதம் ஒன்று கரும்புத் தோட்டத்திலிருந்து வரவிருந்தது.

1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. மொரிஷியஸ் தோட்ட முதலாளிகளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. கரும்பை யார் வெட்டுவது? 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பல் 36 இந்தியத் தொழிலாளர்களை அங்கே இறக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். எங்கே போகிறோம், எத்தனை நாள் பயணம் என்று தெரியாமலே ஏறியவர்கள் அதில் நிறைய. புகார்கள் குவிந்தன. 1837-இல் அரசு ஒரு விதி செய்தது: கப்பலேறுகிறவரும் அவரை அனுப்பும் ஏஜென்ட்டும் ஒப்பந்தத்தோடு அதிகாரி முன் நேரில் நிற்கவேண்டும். சம்மதம்தானா என்று கேட்க அதிகாரி இருந்தார். பதிலைச் சொல்லிக்கொடுத்த ஏஜென்ட்டும் பக்கத்திலேயே நின்றார்.

மோசடி நிற்கவில்லை. 1838-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கண்டனக் கூட்டம் நடந்தது. 1839-இல் கூலிக்கு ஆள் ஏற்றுமதி செய்வதற்கே தடை வந்தது. கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். சர்க்கரை விடவில்லை. முதலாளிகள் நெருக்க, 1842-இல் மொரிஷியஸுக்குத் தடை விலகியது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆள் ஏற்றும் துறைமுகத்தில் ‘புலம்பெயர்வோர் காப்பாளர்’ என்றொரு அதிகாரி உட்காரவேண்டும். சென்னையிலும் ஒருவர் உட்கார்ந்தார். தமிழ்க் கடற்கரையில் இருந்ததோ சென்னைத் துறைமுகம் மட்டுமில்லை.

புதுச்சேரியும் காரைக்காலும், இடையில் கைமாறினாலும், கடைசியில் பிரெஞ்சுக்காரரிடமே நிலைத்தன. செஞ்சி மலையடியிலிருந்து கிளம்பினால் புதுச்சேரி இரண்டு மூன்று நாள் நடை. மழை பொய்த்த வருஷங்களில் ஆள்பிடிக்கும் மேஸ்திரிகளுக்கு இந்த வட்டாரத்து ஊர்களெல்லாம் வேட்டைக்காடு. எல்லையைத் தாண்டிவிட்டால் ஆங்கிலேயக் காப்பாளரின் அதிகாரம் செல்லாது. அங்கிருந்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கப்பல்கள் போயின. 1853-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் மார்ட்டினிக் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் 1861-இல் இரண்டு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுத் துறைமுகங்களிலும் ஆங்கிலேய ஏஜென்ட்டை உட்கார வைத்தன. இக்கரையில் ஓட்டை ஒருவாறு அடைபட்டது. அக்கரையிலோ, காகிதம் என்னவானது என்று கேட்க ஆளில்லை.

1894-இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழர், வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஓர் இளம் வழக்கறிஞரின் அலுவலகத்தில் வந்து நின்றார். எசமான் அடித்ததில் பல் உடைந்திருந்தது. வேலையை விட்டு ஓடினால் ஒப்பந்தக் கூலிக்குச் சிறை. அந்த வழக்கறிஞர் காந்தி. அவர் பெற்றுத்தர முடிந்தது ஒன்றுதான்: பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றினார். எசமான் மாறினான், கட்டு மாறவில்லை. அந்தக் கட்டில் புதிதாக ஆள் ஏற்றுவது நிற்க 1917 வரை ஆனது. 1922-இல் புதிய குடியகல்வுச் சட்டம் வந்தது. கடைச் சிப்பந்தி, எழுத்தர் வரிசையில் வீட்டுவேலைக்காரரையும் அது சேர்த்துக்கொண்டது. பிறகு அந்தச் சட்டம் அரை நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது. அதை எழுப்பியது எண்ணெய்.

1973-இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் கட்டடம் கட்ட ஆள், வண்டி ஓட்ட ஆள், அரபி வீட்டில் சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. பம்பாயில் ஏஜென்ட்டுகள் முளைத்தார்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்களில் பலருக்கு விசாவும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. தமிழக அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனத்தையே தொடங்கியது. 1979-இல் உச்ச நீதிமன்றம் இந்த ஆளெடுப்புக்கு இடைக்கால நெறிமுறைகளை வகுத்தது. 1983 டிசம்பர் 30 அன்று புதிய குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கப்பலடியில் உட்கார்ந்த காப்பாளர் பதவி அதே பெயரில் திரும்பி வந்தது. ஆனால் விமான நிலைய வரிசையில் எல்லோரையும் நிறுத்திச் சம்மதமா என்று கேட்க முடியுமா?

கடவுச்சீட்டிலேயே அடையாளம் போட்டுவிடுவது என்று வழி கண்டார்கள். இன்று பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் தென்படும் ‘ஈ.சி.ஆர்.’ (குடியகல்வுச் சோதனை தேவை) என்ற மூன்றெழுத்து அப்படி வந்ததுதான். அந்த எழுத்து இருந்தால், வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பெண்ணுக்கு 30 வயதும் நிறைந்திருக்கவேண்டும். வீட்டுவேலைக்குப் பெண்ணை எடுக்கும் வெளிநாட்டு முதலாளி 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் தரவேண்டும் என்றும் இந்தியா கேட்டது. கம்பெனி காலத்துப் பிணைப்பணம் மறுபடி உயிர்பெற்றது. குவைத் முரண்டுபிடிக்க, 2017-இல் அந்த நாட்டுக்கு மட்டும் அதை விட்டுக்கொடுத்தார்கள். 2018 ஜனவரியில் இந்த மூன்றெழுத்துக்காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட கடவுச்சீட்டு என்று அறிவிப்பு வந்தது. ஏழையை நிறம் பூசிக் காட்டுவதா என்று எதிர்ப்புக் கிளம்பவே, அதே மாதம் அறிவிப்பு வாபஸானது.

இந்த முத்திரையைத் தலைவலி என்று நினைத்து, ‘விசிட் விசா’வில் பறந்து அங்கே போய்க் கத்தாமா (வீட்டுப் பணிப்பெண்) வேலையில் சேரும் பெண்கள் உண்டு. முத்திரை உள்ளவர் முறைப்படி போனால் 10 லட்சம் ரூபாய் காப்பீடு கட்டாயம்; ஒப்பந்தம் அரசின் பதிவேட்டில் இருக்கும். பத்தாவது தேறிய பெண் அதே வீட்டுக்கு, அதே வேலைக்குப் போனால் அவளிடம் யாரும் எந்த ஒப்பந்தத்தையும் கேட்பதில்லை. 1837-இன் அதிகாரி ஏமாந்தாலும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் பார்க்கக் கடமைப்பட்டிருந்தார். இன்றைய விதி மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, இவளை இனி ஏமாற்ற முடியாது என்று தானே முடிவுகட்டிவிடுகிறது.