அரசியல் வலைப்பதிவுகளும் 2004 அமெரிக்கத் தேர்தலும்

அரசியல் வலைப்பதிவு என்பது ஒருவரோ சிலரோ சேர்ந்து அன்றாட அரசியல் குறித்து இணையத்தில் தொடர்ந்து எழுதும் குறிப்புகள். கடைசியாக எழுதியது முதலில் தெரியும். பிற தளங்களுக்கான சுட்டிகள் நிறைய இருக்கும். ஆசிரியர் குழுவின் கத்தரி பெரும்பாலும் இருக்காது. இவ்வகை எழுத்து ஒரு தேர்தல் சக்தியாக முதலில் கவனிக்கப்பட்டது, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் மோதிய 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில். நவம்பர் 2 அன்று நடந்த அத்தேர்தலில் புஷ் 286 தேர்வாளர் வாக்குகளும் கெர்ரி 251 வாக்குகளும் பெற்றனர். மினசோட்டாவின் தேர்வாளர் ஒருவர் அதிபர் பதவிக்கும் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸுக்கே வாக்களித்துவிட்டதால் கெர்ரிக்கு ஒன்று குறைந்தது. நாடு முழுக்க வித்தியாசம் சுமார் 30 லட்சம் வாக்குகள். ஆனால் முடிவு ஒஹாயோ என்ற ஒரே மாநிலத்தின் 20 தேர்வாளர் வாக்குகளில் தொங்கியது. அங்கே இடைவெளி ஏறத்தாழ 1,18,000 வாக்குகள்தாம்.

அவ்வாண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் 'பிளாக்' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2005 ஜனவரியில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்க இணையப் பயனாளர்களில் 62 விழுக்காட்டினருக்கு அச்சொல்லின் பொருளே சரியாகத் தெரியவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். வலைப்பதிவுகள் நேராக வாக்காளரைப் புரட்டிப்போட்டன என்று சொல்ல ஆதாரம் குறைவு. செய்தியாளர்களையும் கட்சி அலுவலகங்களையும் தூங்கவிடவில்லை என்பதற்கு ஆதாரம் ஏராளம்.

முன்கதை

புஷ்ஷும் ஆல் கோரும் ஃபுளோரிடா மறு எண்ணிக்கையில் சிக்கியிருந்த 2000 நவம்பரில், பத்திரிகையாளர் ஜோஷ் மார்ஷல் 'டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ'வைத் தொடங்கினார். டென்னசி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் க்ளென் ரெனால்ட்ஸின் 'இன்ஸ்டாபண்டிட்' 2001 ஆகஸ்டில் வந்தது. மார்க்கோஸ் மௌலிட்சாஸின் 'டெய்லி கோஸ்' 2002 மே மாதம் பிறந்தது.

இவற்றின் வலு முதலில் தெரிந்தது 2002 டிசம்பரில். செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் ட்ரென்ட் லாட், தர்மண்ட் 1948இல் அதிபராகியிருந்தால் நாட்டுக்கு இத்தனை தொல்லை வந்திருக்காது என்ற பொருளில் பேசினார். தர்மண்ட் அந்த ஆண்டு போட்டியிட்டது இனப் பிரிவினையைக் காப்பதற்காக. விழாவில் செய்தியாளர்கள் இருந்தும் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மார்ஷலும் வேறு சில பதிவர்களும் விடாமல் எழுத, சில நாள் கழித்து நாளேடுகள் அதைக் கையில் எடுத்தன. விழா நடந்தது 5ஆம் தேதி. 20ஆம் தேதி லாட் தலைவர் பொறுப்பைத் துறந்தார். அந்தப் பேச்சைப் பதிவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எல்லார் காதிலும் விழுந்ததை ஆறிப்போகாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவே.

டீனும் சிறு நன்கொடையும்

வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன், இராக் போரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றவர். அவருடைய பரப்புரை மேலாளர் ஜோ டிரிப்பி, 'மீட்டப்' தளத்தின் வழியாக ஆதரவாளர்களை ஊர் ஊராகக் கூட்டி, அதிகாரப்பூர்வ வலைப்பதிவு ஒன்றையும் நடத்தினார். 2003 ஜூலையில் துணை அதிபர் டிக் செனி, ஒரு சாப்பாட்டுக்கு 2,000 டாலர் என்ற கணக்கில் ஒரு மதிய விருந்து நடத்தி நிதி திரட்டினார். அதே நேரத்தில் டீன் கணினி முன் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் தின்றபடி ஆதரவாளர்களுக்குக் காட்சி கொடுத்தார். அந்த ஒரு வாரக் கடைசியில் அவருக்குச் சேர்ந்தது 5 லட்சம் டாலருக்கு மேல். செனியின் விருந்து வசூலை அது தாண்டியது.

ஆனால் பதிவில் பின்னூட்டம் இடுபவர்கள் வேறு, அயோவாவின் குளிரில் இரவில் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு. 2004 ஜனவரி 19 அன்று அங்கே டீன் மூன்றாமிடம் பிடித்தார். முதலிடம் கெர்ரிக்கு. அன்றிரவு டீன் மேடையில் போட்ட கூச்சல் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அவர் வீழ்ந்தாலும் பணம் திரட்டும் வழி வீழவில்லை. அடுத்த மாதம் கென்டக்கி இடைத்தேர்தலில் பென் சாண்ட்லர் சுமார் 2,000 டாலருக்குப் பதிவுகளில் விளம்பரம் கொடுத்து, அதைப்போல் பல மடங்கு நன்கொடை பெற்று வென்றார். ஜூலையில் பாஸ்டனில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு பதிவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குச் செய்தியாளர் அனுமதிச் சீட்டு தந்தது.

கில்லியன் ஆவணங்கள்

2004 செப்டம்பர் 8 இரவு, சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில் டான் ராதர் சில குறிப்பாணைகளைக் காட்டினார். டெக்சாஸ் வான்படைத் தேசியக் காவலில் புஷ்ஷின் மேலதிகாரியாக இருந்து, 1984இல் இறந்துபோன ஜெரி கில்லியன் 1972-73இல் எழுதியவை என்று அவை சொல்லப்பட்டன. இளவயது புஷ் மருத்துவப் பரிசோதனைக்கு வரவில்லை, அவருக்குச் சலுகை காட்டும்படி மேலிடத்து நெருக்கடி இருந்தது என்பது சாரம். சிபிஎஸ் நகல்களைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. வெளிப்படைத்தன்மைக்காகச் செய்த அந்தக் காரியமே அதற்கு வினையாயிற்று.

நள்ளிரவுக்குள் 'ஃப்ரீ ரிபப்ளிக்' என்ற வலதுசாரிக் கருத்துக்களத்தில் ஒருவர், இந்த எழுத்துரு அக்காலத் தட்டச்சுப் பொறியுடையது அன்று என்று எழுதினார். பழைய தட்டச்சில் பெரும்பாலும் ஒல்லியான எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் ஒரே அகலம்தான் கிடைக்கும். குறிப்பாணையிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய இடம் மட்டுமே. ஓரிடத்தில் எண்ணை அடுத்து வரும் ஆங்கில விகுதி குட்டியாகச் சுருங்கி மேலே ஏறி நின்றது. கணினி தானாகச் செய்யும் வேலை அது. மறுநாள் காலை மினசோட்டா வழக்கறிஞர்கள் நடத்திய 'பவர் லைன்' இதை எடுத்துப் போட, வாசகர்களில் பழைய படையெழுத்தர்களும் தட்டச்சுப் பொறி தெரிந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார்கள். 'லிட்டில் க்ரீன் ஃபுட்பால்ஸ்' தளத்தின் சார்ல்ஸ் ஜான்சன் மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து, எந்த அமைப்பையும் மாற்றாமல், டைம்ஸ் நியூ ரோமனில் ஒரு குறிப்பாணையை அப்படியே அடித்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறிமாறித் தெரியும் அசைபடமாக்கி வெளியிட்டார். வரிகள் ஒடியும் இடம் உட்படப் பொருந்தின. எழுத்துருவியல் தெரியாதவருக்கும் அது போதும்.

இடதுசாரிப் பதிவர்கள் சும்மா இருக்கவில்லை. விகித அகல எழுத்துள்ள ஐபிஎம் பொறிகள் அன்றே உண்டு என்று விளம்பரத் தாள்களைத் தேடிப் போட்டார்கள். பொறி உண்டு என்பது சரிதான். அந்தப் படை அலுவலகத்தில் அது இருந்ததா, வேர்டோடு இவ்வளவு பொருந்துமா என்பதற்குத்தான் பதில் வரவில்லை. முன்னாள் சிபிஎஸ் நிர்வாகி ஒருவர், தொலைக்காட்சியின் பல அடுக்குச் சரிபார்ப்பையும் வரவேற்பறையில் இரவுடையோடு உட்கார்ந்து எழுதுபவரையும் ஒப்பிட்டுக் கேலி செய்தார். பதிவர்கள் அந்த இரவுடையையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 20 அன்று சிபிஎஸ் வருத்தம் தெரிவித்தது. 2005 ஜனவரியில் தனிக்குழு அறிக்கை வந்ததும் தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் நீக்கப்பட்டார். மார்ச் மாதம் ராதர் செய்தி வாசிப்பாளர் இருக்கையை விட்டு எழுந்தார். ஆவணங்கள் போலி என்று அக்குழு அறுதியிட்டுச் சொல்லவில்லை, சரிபார்க்காமல் ஒளிபரப்பியதைத்தான் கண்டித்தது. இந்த நுணுக்கம் அன்றைய இரைச்சலில் காணாமல் போனது. புஷ்ஷின் படைச்சேவை பற்றிய கேள்வியும் கூடவே போயிற்று.

சவுத் டகோட்டா

அதிபர் தேர்தலைவிட நெருக்கமான போட்டி சவுத் டகோட்டா செனட் இடத்துக்கு நடந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர் டாம் டாஷலை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் ஜான் தூன். 2002இல் இதே மாநிலத்தில் இன்னொரு செனட் இடத்துக்கு நின்று 524 வாக்கில் தோற்றவர் இவர்.

அங்குள்ள பதிவர்களின் இலக்கு டாஷல் மட்டுமல்லர், சூ ஃபால்ஸ் நகரின் 'ஆர்கஸ் லீடர்' நாளேடும்தான். மாநிலத்தின் மிகப் பெரிய நாளேடான அதன் அரசியல் செய்திகள் டாஷலுக்குச் சாதகமாக இருக்கின்றன என்று நாள்தோறும் பத்தி பத்தியாக அறுத்துப் பார்த்தார்கள். வாஷிங்டன் வீட்டை முதன்மை வசிப்பிடமாகக் காட்டி டாஷல் வரிச்சலுகை பெற்ற விவகாரத்தையும் பரப்பினார்கள். சொந்த மண்ணின் மைந்தன் என்று வாக்குக் கேட்பவருக்கு அது சங்கடம்.

தூன் 50.6 விழுக்காடு பெற்று 4,508 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செனட் கட்சித் தலைவர் ஒருவர் தொகுதியிலேயே தோற்றது 1952க்குப் பிறகு அதுவே முதல்முறை. தூனை ஆதரித்து எழுதிய பதிவர்கள் இருவருக்கு அவருடைய பரப்புரைக் குழு 27,000 டாலரும் 8,000 டாலரும் கொடுத்திருந்தது கணக்குத் தாக்கல்களில் இருந்தது. தேர்தல் முடிந்த பிறகே அது பரவலாகப் பேசப்பட்டது. நாளேட்டின் நடுநிலையைத் தராசில் நிறுத்தியவர்கள் தங்கள் சம்பளத்தை வாசகரிடம் சொல்லவில்லை. இத்தேர்தலின் ஆகப் பெரிய உறுத்தல் எதுவென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எண்களைப் பின்தொடர்தல்

பதிவுகளின் இன்னொரு வகை, கருத்துக்கணிப்புகளை மாநிலவாரியாகத் தொகுத்தது. 'எலெக்டோரல்-வோட்' தளத்தில் நாள்தோறும் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பும் ஜனநாயகக் கட்சிக்கு நீலமுமாக ஒரு வரைபடம் வரும். யார் நடத்துகிறார் என்பது ரகசியம். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்தான் அவர் தம் பெயரைச் சொன்னார்: மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கரை வாக்களிக்கத் தூண்டுவது அவர் நோக்கம். தாம் கெர்ரி பக்கம் என்பதையும் மறைக்கவில்லை. ஃபுளோரிடாவில் புதிதாக ஒரு கணிப்பு வந்தால் ஒரே இரவில் 27 தேர்வாளர் வாக்குகள் நிறம் மாறும். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது பலருக்குக் காப்பிக்கு முந்தைய பழக்கமாயிற்று. அந்தத் தாவல்களில் பெரும்பகுதி கணிப்பின் பிழை எல்லைக்குள் அடங்கும் வெறும் ஆட்டம். சராசரி எடுத்துப் பார்க்கும் வழக்கம் ரியல்கிளியர்பாலிடிக்ஸ் தளத்தில் இருந்தாலும் அது பொதுப்புத்தியாக மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

வாக்குப்பதிவு நாள் பிற்பகலில், வாக்களித்து வெளியே வருவோரிடம் எடுக்கும் எக்ஸிட் போல் கணிப்பின் எண்கள் கசிந்து பதிவுகளில் ஏறின. கெர்ரி முன்னிலை என்றன அவை. பங்குச்சந்தை சறுக்கியது, கெர்ரி முகாமில் முகங்கள் மலர்ந்தன. இரவில் வாக்குகள் எண்ணப்பட எண்ணப்படக் கதை மாறியது. கெர்ரி வாக்காளர்கள் கணிப்பாளரிடம் நின்று பதில் சொல்லக் கூடுதலாக முன்வந்ததே பிழைக்குக் காரணம் எனக் கணிப்பு நடத்திய எடிசன்-மிட்டாஃப்ஸ்கி நிறுவனங்கள் பின்னர் விளக்கின. பல இடதுசாரிப் பதிவர்கள் இதை ஏற்காமல் ஒஹாயோவில் முறைகேடு என்றே எழுதிவந்தார்கள். அந்த முணுமுணுப்பு 2005 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் வரை போனது. ஒஹாயோ வாக்குகளை எதிர்த்த ஆட்சேபம் செனட்டில் 74-1 என்றும் கீழவையில் 267-31 என்றும் தோற்றது.

இரு முகாம்கள்

லாடா அடாமிக், நடாலி க்ளான்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இரு தரப்பிலுமாக ஏறக்குறைய 1,500 அரசியல் பதிவுகளின் சுட்டிகளை வரைபடமாக்கியது. 91 விழுக்காடு சுட்டிகள் சொந்த முகாமுக்குள்ளேயே சுற்றின. வலதுசாரிப் பதிவர்கள் ஒருவரையொருவர் சுட்டுவது இன்னும் அடர்த்தியாக இருந்தது. அதில் வரும் படம், நடுவில் சில இழைகள் மட்டும் ஓடும் சிவப்பு, நீலக் கொத்துகள் இரண்டு, இணைய அரசியல் பற்றிய எழுத்துகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. பதிவர்கள் எதிர்த்தரப்பை அரிதாகவே சுட்டினார்கள் என்பதற்கு இது நேரடியான சான்று; அவர்களை யார் வாசித்தார்கள் என்பதை இது சொல்லவில்லை.

சட்டமும் பின்விளைவும்

இணையத்தைத் தேர்தல் நிதிச் சட்டத்திலிருந்து முழுதாக விலக்கிவைத்தது செல்லாது என்று 2004இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. எனவே கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 2006 மார்ச்சில் புதிய விதிகள் வகுத்தது. பிறர் தளத்தில் காசு கொடுத்து வைக்கும் விளம்பரம் சட்டத்துக்குள் வரும், கூலி வாங்காமல் எழுதும் தனிமனிதர் வரமாட்டார். பணம் வாங்கும் பதிவர் அதைத் தம் தளத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்படவில்லை. கொடுத்த பரப்புரைக் குழு கணக்குக் காட்டினால் போதும்.

சார்ல்ஸ் ஜான்சன் 2009இல் வலதுசாரிகளோடு வெளிப்படையாக முறித்துக்கொண்டார். டானன்பாமின் தளமும் டெய்லி கோஸும் டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோவும் சமூக ஊடகங்களின் எழுச்சியைத் தாண்டி நிலைத்தன. 4,508 வாக்கில் வென்ற ஜான் தூன் 2025 ஜனவரியில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார்.