செனெப்காய் என்னும் எகிப்திய வேந்தன்

பண்டை எகிப்திய வேந்தர் வரிசையை அறிதற்கு மன்னர் பட்டியல்கள் பெருந்துணை செய்கின்றன. எனினும் அவற்றைத் தொகுத்தோர் தாம் ஏற்காத மன்னரை விலக்கியதும் உண்டு. அபிடோசு நகரில் முதலாம் சேத்தி எடுப்பித்த கோயிற்சுவரில் 76 பெயர்கள் உள. நாடு பிளவுற்றுக் கிடந்த கி. மு. 17-ஆம் நூற்றாண்டு மன்னருள் ஒருவர் பெயரும் அங்கில்லை. அங்ஙனம் விடுபட்ட செனெப்காய் என்பான் அந்நகரின் தென்பாலேயே அடக்கமுற்றவன். அவனைப் பற்றிய சான்றுகள் எவற்றை நிறுவுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இத்தாலி நாட்டுத் தூரின் அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரசுச் சுவடி, விலக்கப்பட்ட மன்னரையும் குறிப்பது. ஆனால் அது துண்டு துண்டாய்ச் சிதைந்துள்ளது. 'ஊசெர்' எனத் தொடங்கி, இடையெழுத்துகள் அழிந்த பெயர்கள் இரண்டு அதிற் காணப்படுகின்றன. அப்பகுதியை ஆராய்ந்த கிம் ரைகோல்ட்டு, அபிடோசில் தனி அரசமரபு ஒன்று இருந்ததென 1997-இல் எழுதினார். அக்கருத்தை அனைவரும் ஏற்றிலர்.

2014-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து யோசெப்பு வெக்னர் குழுவினர், தென் அபிடோசில் நான்கு அறைகள் கொண்ட கல்லறையொன்றைக் கண்டதாக அறிவித்தனர். அதன் சுண்ணக்கற் சுவரில் 'ஊசெரிபுரே செனெப்காய்' என்னும் பெயர் அரசர்க்கேயுரிய வளையத்துள் தீட்டப்பட்டிருந்தது. சுவடியின் குறைப்பெயருள் ஒன்று இவனுடையதாகலாம் என்பர். உள்ளுறுப்புகளை வைக்கும் பேழை, சோபெக்கோத்தெப்பு என்னும் முன்னை மன்னனின் சவப்பெட்டிப் பலகையாற் செய்யப்பட்டது. பொற்பூச்சின் கீழ்ப் பழைய பெயர் புலனாகின்றது. அரசின் வறுமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எலும்புகள் கூறுவன இன்னும் வியப்பிற்குரியன. அவற்றில் 18 வெட்டுக்காயங்கள் உள. பாதம், கணுக்கால், கீழ்முதுகு ஆகியவற்றில் வெட்டுண்ட பாங்கு, அவன் உயரத்தில், பெரும்பாலும் குதிரைமேல், இருந்தபோது தாக்குண்டான் எனக் காட்டும். மண்டையோட்டிற் போர்க்கோடரியின் வடு விளங்குகின்றது.

ஆகவே, செனெப்காய் அரசுப்பெயர் பூண்டவன், படைக்கலத்தால் மாண்டவன் என்னும் இரண்டும் உறுதி. கொன்றவர் வடபால் ஆண்ட இக்சோசியரா, தென்பால் தீபு நகரத்தாரா என்பதை எலும்பு உரையாது. ஒரு கல்லறை ஒரு மன்னனையே நிறுவும், மரபை நிறுவாது. அருகே இதனினும் பெரிய அரசக்கல்லறை ஒன்று கிட்டியமை 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதன் எழுத்துகள் சிதைந்தமையின் மன்னன் பெயர் விளங்கவில்லை. மரபு உண்டென்னும் கொள்கைக்கு அது வலுவூட்டுகின்றது, முடிபாகாது. பட்டியல் மறைத்ததை மண் காத்தது என்ற அளவில் அமைவதே ஆராய்ச்சிக்கு அழகு என்பது எம் துணிபு.