பத்தியம் கேட்கும் உலோகம்: வானூர்தித் தயாரிப்பில் டைட்டானியக் கலவைகளின் வளர்ச்சி

முன்னுரை

டைட்டானியத்தைப் பற்றி எழுதுவோர் அதன் வலிமையிலிருந்து தொடங்குவது வழக்கம். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம்; டைட்டானியத்துக்கு 4.5. அலுமினியக் கலவைகள் தளர்ந்துபோகும் வெப்பத்திலும் டைட்டானியக் கலவைகள் உறுதி குன்றாமல் நிற்கும். ஆனால் வானூர்தியில் அது இடம்பிடித்த வரலாற்றை இந்தக் குணங்கள் மட்டும் விளக்கிவிடா. எந்தெந்தப் பொருளை அதன் அருகே விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்ட வரலாறே அது என்பது இக்கட்டுரையின் கருத்து. சித்த மருத்துவத்தில் மருந்தோடு பத்தியமும் உண்டு. இந்த உலோகமும் அப்படித்தான்.

மணலிலிருந்து உலோகம் வரை

1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கருமணலில் இத்தனிமத்தைக் கண்டார். 1795இல் ஜெர்மானிய வேதியியலர் கிளாப்ரோத் அதற்குப் பெயரிட்டார். தூய உலோகமாக அதைப் பிரித்தெடுக்க 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மை அடைந்துவிடுவதே காரணம்.

லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் 1930களில் இதற்கு வழி கண்டார். காற்றை விலக்கி, ஆர்கான் வாயுச் சூழலில் டைட்டானிய டெட்ராகுளோரைடை உருகிய மக்னீசியத்துடன் வினைபுரியச் செய்தார். கிடைத்தது துளைகள் நிறைந்த, பஞ்சு போன்ற கட்டி. 1948இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கட்டியை உருக்குவதும் எளிதன்று. வழக்கமான மூசைகளையே உருகிய டைட்டானியம் அரித்துவிடும் என்பதால், வெற்றிடத்தில், நீரால் குளிர்விக்கப்பட்ட செம்புக் கலத்தில் மின்வில் கொண்டு உருக்கினர்.

தாதுவுக்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் இதன் தாதுதான். உலகில் எடுக்கப்படும் தாதுவில் பெரும்பங்கு வெள்ளை நிறமியாகிறது, சிறுபங்கே உலோகமாகிறது. உலோகத்தின் விலையை ஏற்றுவது பத்தியத்தின் செலவு.

பர்பேங்க் தந்த பாடம்

1950களின் தொடக்கத்தில் ஜெட் எஞ்சின்களின் கம்ப்ரசர் பகுதியில் டைட்டானியம் புகுந்தது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலவை 1954இல் உருவானது. ஆனால் பெரும்பாலும் டைட்டானியத்தாலேயே விமானம் கட்டும் துணிவு லாக்ஹீட் நிறுவனத்தின் கெல்லி ஜான்சன் குழுவுக்கு வாய்த்தது. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் ஏ-12 உளவு விமானம் 1962இல் முதலில் பறந்தது. அதன் வழிவந்த எஸ்ஆர்-71 1964இல் பறந்தது.

கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் இருந்த அவர்களது பட்டறையில் விந்தையான பிழைகள் நேர்ந்தன. வெப்பம் ஏறியதும் சில போல்ட்டுகளின் தலைகள் உதிர்ந்தன. முறுக்கிய ஸ்பேனர்களில் இருந்த காட்மியம் பூச்சு உலோகத்தில் ஒட்டி அதைக் கெடுத்திருந்தது. கருவிப் பெட்டிகளிலிருந்து அத்தகைய கருவிகள் அனைத்தும் அகற்றப்பட்டன. கோடையில் பற்றவைத்த இறக்கைத் தகடுகள் விரைவில் பழுதாயின; குளிர்காலத் தகடுகள் நிலைத்தன. பாசி பிடிக்காமலிருக்கக் கோடையில் தகடுகளைக் கழுவிய நகரக் குடிநீரில் மிகுதியாகக் கலந்த குளோரினே குற்றவாளி. அதன்பின் வாலை வடிநீரால் கழுவினர்.

சூ சிட்டி

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டு நடுவானில் வெடித்துச் சிதறியது. சிதறல்கள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறங்க முயன்றபோது விமானம் நொறுங்கி, 296 பேரில் 112 பேர் மாண்டனர். பின்னர்ச் சோள வயலில் கிடைத்த தட்டின் துண்டில், நைட்ரஜன் மிகுந்து இறுகிய ஒரு கறை இருந்த இடம் தெரிந்தது. ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நீளக் குழி அது. உருக்கும்போதே புகுந்த அந்தக் கறையிலிருந்து விரிசல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்தது, ஆய்வுகளிலும் தப்பியது. சுழலும் உறுப்புகளுக்கான உலோகத்தை மூன்று முறை உருக்குவதும், கனத்த கறைகள் அடியில் தங்கிவிடும் குளிர் அடுப்பு முறையும் பரவியதன் பின்னணி இத்தகைய கறைகளே.

பகை உறவான கதை

போயிங் 787 விமானம் 2009இல் பறந்தபோது அதன் எடையில் பாதி கார்பன் இழைக் கூட்டுப்பொருள். ஏறத்தாழ 15 விழுக்காடு டைட்டானியம். கார்பன் இழையை ஒட்டிய அலுமினியம் மின்வேதி அரிப்புக்கு ஆளாகும், டைட்டானியம் ஆளாகாது. அதன் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் காக்கிறது. உலையில் எந்த ஆக்சிஜன் பகையாயிற்றோ, அதுவே இங்கே கவசமாயிற்று. வெப்பத்தில் விரியும் அளவிலும் அலுமினியத்தைவிட டைட்டானியமே கார்பன் இழைக் கூட்டுப்பொருளுக்கு நெருங்கி நிற்கிறது.

முடிவுரை

காற்று, காட்மியம், குளோரின், நைட்ரஜன் கறை என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு விலக்கைக் கற்பித்தது. கடைசிக் கட்டம் ஒரு துணையைக் காட்டியது. புதிய கலவைகள் பல வந்தபின்னும் 1954இல் உருவான கலவையே இன்றும் மிகுதியாகப் பயன்படுகிறது. எனவே இவ்வரலாற்றில் பெரிதும் மாறியது உலோகமன்று, அதை உருக்கும், கழுவும், சோதிக்கும் முறை.